தேசிங்கு கதையில் பாக்கி

சென்ற மழைக்காலத்தில் வேலூரில் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். பேச்சு, வழக்கம்போல, சிறுகதை எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதில் போய் நின்றது. ஜனரஞ்சகக் கதைகளிலிருந்து எழுதுகிறவன் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, எதைச் செய்யக்கூடாது என்பதைத் தவிர, என்றார் ஒருவர். கவிதை எழுதுகிறவர், நல்ல வாசகர். நான் தேசிங்குராஜன் கதை என்றேன். சிரித்தார்கள். பெரிய எழுத்துப் புத்தகத்தையும் அட்டையில் பாயும் குதிரையையும் நினைத்து வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்திற்குள், அந்தக் கதையில் வரும் பெண்ணின் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது என்பது அன்று யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் சேர்த்து.

முதலில் சரித்திரத்தில் இருப்பது. செஞ்சிக் கோட்டையை ஏழெட்டு வருஷ முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் மராட்டியரிடமிருந்து பிடித்தார்கள். ஔரங்கசீப் அதைப் புந்தேல ராஜபுத்திரனான ஸ்வரூப் சிங்கிடம் ஒப்படைத்தார். ஸ்வரூப் சிங் கட்டவேண்டிய கிஸ்தியை வருஷக்கணக்கில் கட்டாமல் வைத்துவிட்டு 1714இல் செத்துப்போனான். மகன் தேஜ் சிங், புந்தேல்கண்டிலிருந்து மனைவியோடு வந்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். புதிய பர்மான் இல்லாமல் உட்கார உனக்கு உரிமை இல்லை என்றும் சொன்னார். அப்பாவுக்குக் கொடுத்த பர்மான் எனக்கும் செல்லும் என்றான் தேஜ் சிங். 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டை. வெள்ளம் போகிற ஆற்றைக் கடந்து, சில நூறு குதிரைகளோடு, பல மடங்கு பெரிய படையின் மேல் போய் விழுந்தான். அவனுடைய சிநேகிதன், வழுதாவூர் கில்லேதார் மகபத்கான், கூடவே செத்தான். தேஜ் சிங்குக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பார்கள். மனைவி உடன்கட்டை ஏறினாள். செஞ்சியில் செட்டிக்குளத்தங்கரையில் அந்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். ஜெயித்த நவாப், பாலாற்றின் வடகரையில், ஆர்க்காட்டுக்கு எதிரில், ஒரு பேட்டையை உண்டாக்கி அந்தப் பெண்ணின் நினைவாக ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார்.

பழைய கெஜட்டியர் அந்த ஊர் 1713 வாக்கில் ஏற்பட்டது என்கிறது. அப்படியானால் ராணி தீயில் இறங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே அவள் பெயரில் ஊர் வந்துவிட்டது. சரித்திரக்காரர்கள் இதைத் திருத்திக்கொள்ளட்டும். கதைக்காரனுக்கு இந்த ஒரு வருஷப் பிசகு ரொம்பவும் பிடித்துப்போகும்.

இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் பேசியபோது, ராஜா செத்தான், ராணியும் செத்தாள் என்பது வெறும் கதை, ராணி துக்கத்தால் செத்தாள் என்றால் அது கதைப்பின்னல் ஆகிவிடுகிறது என்கிற மாதிரி ஒரு பாகுபாடு செய்தார். நம் கல்லூரிகளில் அதைப் பாராயணம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நிறையப் பேர். அவருடைய உதாரணம் கற்பனை ராஜா, கற்பனை ராணி. செஞ்சியில் அதுவே நடந்திருக்கிறது, மூன்றாவதாக ஒரு வாக்கியத்தோடு. ராஜா செத்தான், ராணி செத்தாள், அவர்களைக் கொன்றவன் அவள் பெயரில் ஊர் கட்டினான். முதல் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே 'துக்கம்' என்ற சொல்லைப் போட்டால் போதும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே என்ன சொல்லைப் போடுவது? குற்ற உணர்வா, மரியாதையா, நிர்வாக சாமர்த்தியமா? எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் ஒரு நாவல் இருக்கிறது.

அதற்கு வருவதற்கு முன் கதைப்பாடலுக்குப் போகவேண்டும். கவனிக்க வேண்டியது: நிஜமான தேஜ் சிங் இந்தப் பக்கம் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. தமிழ் அவனுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்பது சந்தேகம். குளம் வெட்டினான், கோயில் கட்டினான் என்று சொல்ல ஒன்றுமில்லை. விவகாரம் வரி பாக்கி. அதுவும் அப்பா வைத்த பாக்கி. சட்டப்படி பார்த்தால் நவாப் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு இருநூறு முந்நூறு வருஷம் தாங்கும் ஒரு கதாநாயகனைச் சிருஷ்டிப்பது லேசான காரியமல்ல. நம்மில் யாரிடமாவது கொடுத்திருந்தால், ஏழைகளுக்காக வரி கொடுக்க மறுத்தான் என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருப்போம். பாட்டுக்காரன் அதைச் செய்யவில்லை. அவன் பாக்கியை மறைக்கவில்லை. கதை முழுவதையும் பாக்கியாக மாற்றிவிட்டான்.

பாட்டில் தகப்பன் வைப்பது கிஸ்தி பாக்கி அல்ல. டில்லி பாதுஷாவிடம் யாராலும் ஏறமுடியாத ஒரு குதிரை இருக்கிறது. அதை அடக்க முடியாமல் தோற்ற தகப்பன் டில்லியில் சிறை கிடக்கிறான். பிள்ளை வளர்ந்து, விஷயம் தெரிந்து, டில்லி போய், அந்தக் குதிரையின் மேல் ஏறி, தகப்பனை மீட்டுவருகிறான். சரித்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். உற்றுப் பார்த்தால் சம்பந்தம் தெரிகிறது. தகப்பன் வைத்த கடன், பிள்ளை தலையில் விழுந்த கடன் என்ற எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பணம் போய்க் குதிரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதனால் பாட்டுக்காரனுக்குக் கிடைத்த லாபம் பின்னால் தெரியும். ஆர்க்காட்டிலிருந்து ஆள் வந்து பாக்கியைக் கேட்கும்போது, கேட்கப்படுகிறவன் பாதுஷாவிடமே நேரில் போய்க் கணக்குத் தீர்த்துவிட்டு வந்தவன். அவன் மறுப்பதற்குக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவர்களுக்கு முன்பே தெரியும். ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை அது நடந்துகொள்ளும் இடத்தில் விளக்க ஆரம்பித்தால், ஆசிரியர் எங்கோ முன்னால் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு, சண்டைக்குப் புறப்படும் அந்த ஒரு நாளில், மற்றப் பாக்கிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போகிறான். இன்றைக்குப் போகாதே என்கிறார் சாமி, அவன் கேட்கவில்லை, சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் தலை நிஜமாகவே ஒருபக்கம் திரும்பினாற்போல் இருக்கிறது. பல்லவர் காலத்துக் கல்லில் இருந்த ஒரு கோணத்தைப் பாட்டுக்காரன் பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைக்குச் சாட்சியாக்கிவிட்டான். போய்ப் பார்த்தவன் சந்தேகப்பட முடியாது. ஸ்தூலமான ஒரு பொருளைக் கதையின் நடுவில் வைத்தால் அது எத்தனை பக்க வர்ணனைக்குச் சமம் என்பதற்கு எலியட்டிடம் போகவேண்டியதில்லை, செஞ்சிக்குப் போனால் போதும்.

பிறகு மனைவி. கல்யாணம் ஆகியும் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. புறப்படும் முன் அவளிடம் விடைபெற வருகிறான், நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டம் முழுதும் அந்தத் திரையை விலக்கிவிட மாட்டானா என்று ஏங்கும். விலக்கவில்லை. போகிறான். அடுத்தது சிநேகிதன் மகமத்துகான். அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. ஓலை வருகிறது. மணவறையிலிருந்து எழுந்து நீலவேணிக் குதிரையில் ஏறி வந்துவிடுகிறான். ஏன் வந்தான் என்று பாட்டில் யாரும் கேட்பதில்லை, அவன் பெண்வீட்டாரைத் தவிர.

சாமி, மனைவி, சிநேகிதன், நவாப். நாலு பேருக்கும் ஏதோ ஒன்று தரவேண்டியிருக்கிறது. மூன்று பேருக்குத் தராமல் போகிறான். நாலாவதாக சிநேகிதன், தனக்கு வரவேண்டியதைக் கேட்காமல், தான் தரவேண்டியதைத் தர வருகிறான். குதிரையின் கால்களை எதிரிகள் வெட்டிவிட்ட பிறகு, தன் கத்தியைத் தானே ஆகாயத்தில் எறிந்து மார்பில் ஏந்திக்கொள்கிறான் தேசிங்கு. சரித்திரத்தில் அவன் துப்பாக்கிக் குண்டுபட்டு விழுந்திருக்கலாம். கதையில் அவனுக்கு வேறு வழி இல்லை. எவனிடமும் பட்ட கடனாக அவன் சாவு இருக்கக்கூடாது. இந்த முடிவு கதையின் முதல் அடியில், அந்த டில்லிக் குதிரையில், ஏற்கெனவே இருக்கிறது. செஞ்சியின் சரித்திரத்தை 1943இல் எழுதிய சி. எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரி, கதைப்பாடலை ஆபாசக் கட்டு என்று தள்ளாமல் தம் புத்தகத்தில் இடம் கொடுத்துப் பேசினார். சரித்திரப் பேராசிரியருக்கு இருந்த பொறுமை விமர்சகர்களுக்கு இருந்ததில்லை.

1960இல் 'ராஜா தேசிங்கு' படமாக வந்தது. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். தேசிங்கு அவரே, சிநேகிதனாக வந்தவர் வேறொருவர்.   வேற்று ஜாதி, வேற்று மதம், வேற்று முகம். எந்த ரத்த பந்தமும் இல்லாமல் ஒருவன் மணவறையிலிருந்து எழுந்து வருகிறான் என்பதுதான் பாட்டில் இருந்த விஷயம். முகம் ஒன்றாகிவிட்டால், அவன் வந்ததில் என்ன இருக்கிறது? தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வந்ததாக ஆகிவிடும்.  நம் சிறுகதைகளில் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே முகம்தான். அது பெரும்பாலும் எழுதியவருடைய முகமாக இருக்கிறது.

சிநேகிதம் என்றதும் இந்தப் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். மு. வரதராசன். திருப்பத்தூரில் 1912இல் பிறந்தவர். சொந்த ஊர் ராணிப்பேட்டையை அடுத்த வேலம். பத்திரிகைத் தொடர்கதைக்காரர் அல்ல. ஆனால் ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் அவரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். நம் வட்டத்தில் அவர் பெயரைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியபோது எழுந்த முணுமுணுப்பை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நாவலின் களம் வாலாஜாப்பேட்டை. ராணிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். சந்திரன், வேலய்யன் என்று இரண்டு பையன்களின் சிநேகிதம். ஒருவன் அழகும் அறிவும் பிரகாசிக்கிறவன், கெட்டழிகிறான், தொழுநோய் கண்டு சாகிறான். மற்றவன் நிதானமாக எரிகிற அகல். வேலய்யன்தான் கதை சொல்கிறான், முதல் பக்கத்திலிருந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. சந்திரன் ஒவ்வொரு முறை தவறும்போதும் ஒரு பதிவு. சிநேகிதனுக்காக வேலய்யன் எதை விட்டுவிட்டு எழுந்து வந்தான் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. தொழுநோயோடு சந்திரன் திரும்பி வரும் பகுதியில் மு.வ.வின் உபதேசம் தானாகவே தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வந்துவிட்ட காலம் அது. இந்தப் பிரதேசத்தில் அந்த நோய் ஒரு இலக்கியக் குறியீடு அல்ல, பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்த மனிதன். கண்ணால் கண்ட ஒன்று உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் சற்று வாயடைத்துப் போகிறார். மு.வ.வை மொத்தமாக நிராகரிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களை மறுபடி படித்துப் பார்க்கலாம்.

எதிரியைப் பற்றி. பாட்டில் நவாபின் ஆளாகப் பாக்கி கேட்க வருகிறவர்களில் தோடர்மல் உண்டு. அவரும் சரித்திர புருஷர்தான். மொகலாயர் படையெடுப்புக்குப் பயந்து காஞ்சிபுரத்திலிருந்து உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோயிருந்த வரதராஜர் விக்கிரகம் 1710இல் திரும்பி வர உதவியவர் என்று கோயில் கல்வெட்டு அவரைக் கொண்டாடுகிறது. ஒரு கதையில் ஓலை கொண்டுவருகிற எதிரி, சற்றுத் தள்ளி இன்னொரு கதையில் சாமியைத் திருப்பிக் கொண்டுவந்த பக்தர். பாட்டுக்காரனுக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் நவாப் பக்கத்தாரை அவன் அரக்கர்களாகப் பாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரில் நிற்கிறவன் மனிதனாக இருந்தால்தான் தேசிங்கின் பிடிவாதத்துக்குக் கனம். நம் முற்போக்குக் கதைகளில் தோல் ஷாப் முதலாளி வந்தால் உடனே அவர் விரலில் மோதிரமும் வாயில் வெற்றிலையும் வந்துவிடுகின்றன. அதோடு தொழிலாளியும் செத்துப்போகிறான், பாத்திரமாக.

இப்போது ராணி. பாட்டின் பெரிய தோல்வி இவள்தான் என்று நினைக்கிறேன். திரைக்குப் பின்னால் ஒரு குரலாக வந்தாள். தீயில் ஒரு உருவமாகப் போனாள். ராணி பாய் என்பது பெயரா? ராணி என்றால் ராணி, பாய் என்றால் அம்மாள். தகப்பன் வைத்த குதிரையிலிருந்து சிநேகிதனின் மணவறை வரை ஒவ்வொரு நூலையும் முடிச்சுப்போட்டு இழுத்தவன், இவள் விஷயத்தில் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல், கையில் இருந்த சம்பிரதாயமான தீயை எடுத்துப் போட்டுவிட்டான். உடன்கட்டையை நான் இங்கே வீரமாகவும் பேசவில்லை, கற்பாகவும் பேசவில்லை. புந்தேல்கண்டிலிருந்து வந்து பாஷை தெரியாத ஊரில் சில மாதம் இருந்து, இருபது வயதுக்கு முன்னே பின்னே எரிந்துபோன ஒரு பெண். எல்லோருக்கும் பாக்கி இருந்த கதையில் அவளுக்கு வரவேண்டியது என்ன என்று பாட்டுக்காரன் கேட்கவே இல்லை. திரையை அவள் ஏன் விலக்கவில்லை? விலக்கியிருந்தால்? இந்தக் கேள்வியைப் பெரிய எழுத்துப் புத்தகம் நமக்கு விட்டுவைத்திருக்கிறது. இன்றுவரை தமிழில் ஒருவரும் தொட்டதாக எனக்குத் தெரியாது.

அவள் பெயரில் நிற்பது ஊர் மட்டும்தான். நவாப் அங்கே ஒன்பது லட்சம் மரம் வைத்துத் தோப்புப் போட்டதாக ஐதீகம். நவ்லாக் என்ற பெயர் இன்னும் இருக்கிறது, அரசாங்கத் தென்னம்பண்ணையாக. மரங்கள் நின்ற கரையில் பிறகு தோல் வந்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் வரிசை. முதலில் ஆவாரம்பட்டை, பின்னால் குரோமியம். ஊற்றுத் தோண்டிக் குடித்த மணலில் கழிவு இறங்கி, கிணறுகள் கெட்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996இல் தீர்ப்பு வந்தது. இதெல்லாம் பத்திரிகைகளில் படித்தது. கதையாக என்ன வந்தது? தோல் தொழிலாளர் வாழ்க்கையைப் பெரிய அளவில் எழுதி அகாதெமி பரிசு வாங்கிய டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல்லைப் பற்றியது. வடாற்காட்டுப் பக்கம் எழுதுகிறவர்கள், நான் உட்பட, நாற்றத்தோடு நின்றுவிடுகிறோம். பஸ் வாலாஜா தாண்டியதும் மூக்கைப் பொத்திக்கொள்கிற பிரயாணியின் கதையை எத்தனை தடவை படித்தாயிற்று. நாற்றம் சிங்கவரத்துப் பெருமாளின் தலை மாதிரி வேலை செய்ய வேண்டும். செய்வதில்லை. வெறுமனே நாறுகிறது.

2015 ஜனவரி 31, விடியற்காலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீரைப் பொதுவாகச் சுத்திகரிக்கும் நிலையத்தின் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு வந்து விழுந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். செய்தி நாலைந்து நாள் ஓடியது. ஒரு நண்பர் கவிதை எழுதினார்; அதில் பாலாறு அழுதது. நான் ஒரு கதை ஆரம்பித்து மூன்று பக்கத்தில் விட்டுவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் தெரிகிறது, சேற்றில் ஆரம்பித்திருக்கிறேன். சேறு முடிவு. தேசிங்கு கதையைப் பாடியவன் சண்டையில் ஆரம்பிக்கவில்லை. தகப்பன் சிறையில் இருக்கிறான் என்று பிள்ளைக்குத் தெரியவரும் இடத்தில் ஆரம்பித்தான்.

இந்தப் பக்கத்துப் பாஷை தெரியாதவர்கள், வந்து எத்தனை மாதமோ. ஊரில் யார் வைத்த கடனுக்காக ஒருவன் ரயில் ஏறினான், வரும்போது யார் முகத்தைப் பார்க்காமல் வந்தான், பக்கத்தில் படுத்திருந்தவனை யார் கூப்பிட்டு எதிலிருந்து எழுந்து வந்தான் என்று போகவேண்டும். அந்த மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டாயிற்று. திரும்பவும் ஹௌராவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காட்பாடி ஸ்டேஷன் இன்னும் வரவில்லை.